சுருங்கிய வயல்

பாபநாசத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி போனில் கத்தினார் சவரிராஜ்.

"பயிர்ச் சேத ஆப்பை எழுதுனவ நீதானே? எங்கப்பாவோட பத்து மா நெலத்துச் சம்பா நெல்லும் முழுகிக் கெடக்கு. போட்டோ எடுத்து அனுப்புனா, 'சேதம் இல்லை, இழப்பீடு கிடையாது'ன்னு வருது!"

"அனுப்புறதுக்கு முன்னாடி போனே போட்டோவைச் சுருக்கிடும் சார்," என்றாள் ஜாஸ்லின். "ரொம்பச் சின்னதாயிட்டா, சேதத்தைக் கணிக்கிற கம்ப்யூட்டருக்குத் தண்ணி தெரியாது. மேல நீட்டிட்டிருக்கிற பச்சை நுனிதான் தெரியும்."

"அவ்வளவு சுருக்கச் சொன்ன முட்டாள் யாரு?"

ஜாஸ்லினுக்கும் கோபம் வந்தது.

"நான் வேணாம் வேணாம்னு சொல்லியும் கேக்காம, 'வயக்காட்டுப் போட்டோவை எவன் உத்துப் பாக்கப் போறான், சுருக்கு'ன்னு போன மாசம் மீட்டிங்ல மேசையைத் தட்டுன முதலாளி நீங்கதான் சார்!"