பன்னிரண்டு பேர், ஒரே பதில்

"பன்னிரண்டு பேரும் ஒரே பதிலையா சொன்னாங்க, அங்கிள்?"

லொரைன் படிவங்களை மேசைமேல் பரப்பினாள். எதிரே லாசரஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

தமிழ்நாட்டுக் கடலோரத்தில் சாலை போட ஓர் அனைத்துலக வளர்ச்சி வங்கி கடன் கொடுத்திருந்தது. வங்கியின் வேலையைப் பற்றி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சம்பந்தப்பட்டவர்களிடம் கருத்துக் கேட்கும் பொறுப்பு, லொரைன் மேற்பார்வையாளராக இருக்கும் சிங்கப்பூர் ஆய்வு நிறுவனத்துக்கு வந்திருந்தது.

அதிகாரிகள், என்ஜினியர்கள் எல்லாரையும் கேட்டாயிற்று. பாக்கி இருந்தது, சாலைக்கு நிலத்தை இழந்துவிட்டு இங்கே வந்து கட்டட வேலை பார்க்கும் பன்னிரண்டு பேர். அவர்களைப் பார்த்து எழுதி வந்தவர்தான் லாசரஸ்.

'நிலம் எடுக்கும் முன் உங்கள் கருத்தைக் கேட்டார்களா?' என்ற கேள்விக்குக் கீழே, பன்னிரண்டு படிவத்திலும் ஒரே வரி.

'எங்களை யாரும் வந்து கேக்கல.'

"அவங்க சொன்னத அப்படியே எழுதினேன்மா."

"ஒரு எழுத்துகூட மாறாமலா? கோப்பிக்கடையில உக்காந்து நிரப்பினா இப்படித்தான் வரும்!"

பொய்ப் படிவம் பிடிப்பதில் லொரைன் கில்லாடி. 'எப்படி லா கண்டுபிடிக்கிற?' என்று மேலாளர் ஜோவன்னாவே வியந்து கேட்டிருக்கிறார். 'எல்லாம் அனுபவம் மேடம்' என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடுவாள்.

ஜோவன்னா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அங்கிளை வேலையிலேருந்து நிப்பாட்டுற லெட்டர் அடிச்சாச்சு. ஆனா ரூல்படி ஒருத்தருக்காவது போன் பண்ணி செக் பண்ணிடு. அப்புறம் சைன் பண்றேன்."

படிவங்களில் பெயர் கிடையாது, குறியீட்டு எண் மட்டும்தான். பெயர்ப்பட்டியல் மேலாளரின் அலமாரியில் பூட்டியிருக்கும். ஒரேயொரு போன் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் ஜோவன்னா.

லாசரஸின் முகம் வெளிறிவிட்டது.

"போன் மட்டும் வேணாம்மா."

"ஏன் அங்கிள், பயமா?"

"நான் போயிடுறேன். எனக்கு அறுபத்து நாலு வயசாச்சு, மார்சிலிங்ல வீட்டோட கிடந்துக்குவேன். நீ இன்னும் ரொம்ப நாள் வேலை பார்க்க வேண்டிய பிள்ளை."

செய்வதையும் செய்துவிட்டுப் பேச்சைப் பார் என்று லொரைனுக்கு எரிச்சலாக வந்தது. "வெளியில உக்காருங்க" என்று அனுப்பிவிட்டு ஆபீஸ் போனில் நம்பரை அழுத்தினாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். பின்னால் துளையிடும் இயந்திரத்தின் இரைச்சல்.

"மருதப்பன் பேசுறேங்க."

"போன ஞாயித்துக்கிழமை உங்களை ஒரு பெரியவர் வந்து பார்த்தாரா?"

"ஆமாங்க மேடம். தேக்கா மார்க்கெட்டுக்கு வந்தாரு. எங்க பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருத்தரா உக்காரவச்சுக் கேட்டாரு. கிளம்ப ராத்திரி ஆயிடுச்சு, பாவம்."

லொரைனுக்குச் சுருக்கென்றது. "கருத்துக் கேட்டாங்களாங்கிற கேள்விக்கு என்ன சொன்னீங்க?"

"எங்களை யாரும் வந்து கேக்கலன்னு சொன்னேன். எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. வேற என்னத்தங்க சொல்றது?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அவன் தானாகவே தொடர்ந்தான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மேடம் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. உங்க கருத்தைக் கேக்கணும், ஞாயிறு மூணு மணிக்கு தேக்கா மார்க்கெட் வாசலுக்கு வாங்கன்னு. அன்னிக்கு நல்ல மழை. பன்னிரண்டு பேரும் ஆறு மணிவரைக்கும் நின்னோம். வரல."

லொரைன் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினாள்.

"அந்த மெசேஜை இந்தப் பெரியவர்கிட்ட காட்டினேன். நம்பரைப் பார்த்ததும் அப்படியே உக்காந்துட்டாரு. 'அழிச்சிடு தம்பி, யார்கிட்டயும் காட்டாதே, அந்தப் பிள்ளைக்கு அன்னிக்கு என்ன கஷ்டமோ'ன்னாரு."

"அழிச்சிட்டீங்களா?"

"இல்லைங்க. நம்மளையும் ஒரு ஆளா மதிச்சுக் கேக்குறேன்னு வந்த ஒரே மெசேஜ். அழிக்க மனசு வரல. நம்பர் சொல்லட்டுங்களா?"

அவன் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். கடைசி நான்கு எண்களை அவனோடு சேர்ந்து லொரைனும் முணுமுணுத்தாள். பத்து வருடமாக அவள் வைத்திருக்கும் எண் அது.

அந்த மழை ஞாயிறு ஞாபகத்துக்கு வந்தது. பொங்கோலிலிருந்து தேக்காவரை இந்த மழையில் யார் போவது என்று வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து பன்னிரண்டு படிவத்தையும் நிரப்பிய ஞாயிறு. ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் பன்னிரண்டு விதமான பதில்கள், அத்தனையும் வங்கியைப் பாராட்டி. அந்தப் படிவங்களைக் காட்டித்தான் அவளை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே லாசரஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் போனை வைத்தாள்.

ஜோவன்னா மறுபடி வந்தார், கையில் கடிதத்தோடு. "என்ன சொன்னாங்க? கன்ஃபர்மா? சைன் பண்ணிடவா?"

லொரைன் எழுந்து நின்றாள்.

"பண்ணுங்க மேடம். பேரை மட்டும் லொரைன்னு மாத்திடுங்க."