பச்சை வட்டம்

"மருந்து குடிச்சீங்களா வாப்பா?"

"ஓம் மகன்." ஹுனைஸ் நீட்டிய சம்மதப் பத்திரத்தில் இஸ்ஹாக் கையெழுத்து வைத்தார். "வேற ஆரு கேட்டிருந்தாலும் இந்தக் கடற்கரைக் காணியக் குடுத்திருக்க மாட்டன். நீங்க கேட்டதாலதான்."

ஹுனைஸ் நேரே அலுவலகம் போனான். சுவரில் இறங்குதுறைத் திட்டத்தின் படம் இருந்தது. ஊரில் யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று வட்டம் வட்டமாகப் பெயர்கள். இஸ்ஹாக்கின் பெரிய சிவப்பு வட்டத்தைப் பச்சையாக்கினான். அதன் கீழே, மூன்று மாதங்களுக்கு முன் அவனே எழுதிய குறிப்பு: 'செல்வாக்கானவர். பிள்ளைகள் இல்லை. மகனைப் போல் பழகவும்.'

"கெட்டிக்காரன்! இனி அங்க போகத் தேவையில்ல," என்றார் முகாமையாளர்.

கைபேசி ஒலித்தது. இஸ்ஹாக்தான். "மகன், பகலுக்குச் சாப்பிட வாங்க. உம்மா இறால் ஆக்கி வெச்சிருக்கா."

மூன்று மாதமாகச் சரளமாக வந்த 'வாப்பா', இப்போது அவன் வாயில் வரவில்லை.