பின்னால் வந்த வண்டி

பேய் பீரோவுக்குள்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். நண்பர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள்.

ஆகவே தைரியமாகப் பீரோவைத் திறந்தான்.

பக்கத்தில் மனைவி உட்கார்ந்து டிவி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. தான் எதற்கும் அஞ்சாதவன் என்று அவளுக்குக் காட்ட வேறு வழி தெரியவில்லை.

பீரோ காலியாக இருந்தது.

பேய் மேலிருந்து விழுந்தது.

"அய்யோ, அம்மா!"

கையிலிருந்த வீடியோ கேம் கன்ட்ரோலர் பறந்துபோய்ச் சுண்டல் கிண்ணத்தில் விழுந்தது.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கூப்புட்டியா பரணி?"

"இல்லம்மா."

மனைவி சிரிக்கவில்லை. கன்ட்ரோலரை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்து அவனிடம் நீட்டினாள்.

அதுதான் அவனை உறுத்தியது. வாய்விட்டுச் சிரித்திருக்கலாம். வந்த நாளிலிருந்தே இப்படித்தான். எதைக் கேட்டாலும் தலையாட்டுவாள். ஓட்டலில் என்ன வேண்டும் என்று கேட்டால், அவனுக்கு என்னவோ அதுவே. பிடிக்காமல் கட்டிக்கொண்டாளோ என்று அவனுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கேட்டுவிடலாம்.

கேட்கப் பேயைவிடப் பயமாக இருந்தது.

"பேய் இல்லாத ஆட்டம் இருக்குதுங்களா?"

அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

அவசரமாகக் கார் பந்தயத்தைப் போட்டான். எது வேகம், எது பிரேக் என்று சொல்லிக்கொடுத்தான். தலையாட்டினாள்.

எடுத்ததும் சுவரில் மோதினாள். பிறகு எதிர்த்திசையில் ஓட்டினாள். கொஞ்ச நேரத்தில் கை பழகிவிட்டது. வளைவுகளில் உடம்பும் சேர்ந்து சாய்ந்தது.

அப்போதுதான் ஒரு சிவப்பு வண்டி பின்னால் வந்து அவளை இடித்துத் தள்ளிவிட்டுப் போனது.

"டேய் எருமை! கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?"

அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். வேறு யாருமில்லை.

"அப்பன் ஊட்டு ரோடாட்ட ஏறி வர்றான் பாரு! உன்ற மூஞ்சிக்குக் காரு ஒரு கேடு. நில்றா அங்கயே!"

அவள் அப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். பள்ளி விடுமுறை முழுக்க இவளும் அந்த வண்டியில்தான் சுற்றினாள் என்று பெண் பார்க்கப் போனபோது யாரோ சொன்னார்கள். அன்றைக்கு அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சிவப்பு வண்டியைத் துரத்திப் பிடித்துத் தடுப்புச் சுவரில் வைத்துத் தேய்த்தாள்.

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "ஆருடா அது, அந்தப் பேச்சுப் பேசுனது?"

கன்ட்ரோலர் மெல்ல மனைவியின் மடிக்கு இறங்கியது. முகம் வெளுத்துவிட்டது.

"நான்தாம்மா" என்றான்.

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்கு அத்தன வாய் ஏது சாமி?"

பிறகு மருமகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று போய்விட்டாள்.

மனைவி தலை நிமிரவில்லை. இனி வருடக்கணக்கில் வாய் திறக்கமாட்டாள் போலிருந்தது.

அவன் இழுப்பறையில் துழாவி இன்னொரு கன்ட்ரோலரை எடுத்தான். ஆட்டத்தை இருவர் ஆடும்படி மாற்றினான். ஆடு என்று கண்ணைக் காட்டினான்.

ஓட்டினாள். நேராக, மெதுவாக, ஓரமாக. கல்யாணப் பெண் நடப்பதுபோல.

அவன் வேகத்தைக் குறைத்து அவளை முன்னே போகவிட்டான்.

பாலம் வந்தது.

முழு வேகத்தில் போய்ப் பின்னால் இடித்தான்.

அவள் வண்டி கைப்பிடிச் சுவரைத் தாண்டி, இரண்டு குட்டிக்கரணம் போட்டு, ஆற்றில் விழுந்தது.

மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள். உதடு துடித்தது. சமையலறைப் பக்கம் ஒரு பார்வை. மறுபடி அவன்மேல்.

அவன் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"ம், இப்பச் சொல்லு."