ஆறு திரும்பிய பிறகு

இரண்டு நாடுகளுக்கும் எல்லையாக ஓடிய ஆறு, அந்த வெள்ளத்தில் தடம் மாறி மாசிலாமணியின் வீட்டுக்குப் பின்புறமாகப் பாய்ந்துவிட்டது. விடிந்தபோது அவர் வீடும் வாழைத்தோப்பும் அடுத்த நாட்டின் கரையில் கிடந்தன. ஒரு பிடி மண்ணையும் விடமாட்டோம் என்று அவருடைய அரசாங்கம் முழங்கியது. ஆறு எங்கே ஓடுகிறதோ அதுதான் எல்லை என்றது அடுத்த அரசாங்கம். இரு கரையிலும் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். படகுகள் நின்றுபோயின. பிரசவத்துக்காக டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த மகள் தவமலர் ஆற்றுக்கு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டாள்.

ஒரு மாலை அவள் எதிர்க்கரையில் வந்து நின்றாள். கையில் துணி சுற்றிய குழந்தை. மாசிலாமணி தண்ணீர் விளிம்புவரை ஓடி இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"பெரியவரே, கையக் கீழ போடுங்க!" காவலுக்கு நின்ற அடுத்த நாட்டுச் சிப்பாய் பதறினான். "சைகை காட்டுறீங்கன்னு உங்க நாட்டு ஆளுங்களே சுட்டுருவாங்க."

"எம் பேரப்புள்ளைய்யா அது."

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியாதே."

அவர் கைகளை இறக்கி, விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றார். கத்தினாலும் ஆற்றின் இரைச்சலைத் தாண்டிக் குரல் போகாது. அப்பா பார்க்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, தவமலர் குழந்தையை இன்னும் உயரத் தூக்கிக் காட்டினாள்.