சத்தம் போடாத குக்கர்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு பாத்திரக் கடையின் கண்ணாடி வழியே விழும் மாலை வெயிலில் குக்கர் மூடிகள் மின்னுகின்றன. அஜந்தா விலை கூடிய மின்சாரக் குக்கரை இரு கைகளிலும் ஏந்தி நிற்கிறாள். "இஞ்சருங்கோ, இது விசில் அடிக்காது. இரவு ஷிப்ட் முடிச்சு வந்து நிம்மதியாப் படுப்பீங்கள்." கணவன் யனுஷனின் கண் அடுப்பில் வைக்கும் மலிவான குக்கரிலேயே இருக்கிறது. "இது காணும்." "காசைப் பாக்காதேங்கோ. விசிலுக்கு முழிப்பு வந்திடும்." "ஓம், வாறதுதான்." மூடியிலுள்ள விசிலை விரலால் மெல்ல ஆட்டுகிறான். "அது கேட்டாத்தான் நீர் வீட்டில நிக்கிறீர் எண்டு தெரியும். பிறகுதான் நல்ல நித்திரை வரும்." அவள் மின்சாரக் குக்கரைத் திரும்பத் தட்டில் வைக்கிறாள், பகலில் அவன் படுத்திருக்கும்போது சமையலறையில் பாத்திரம் வைப்பதுபோல, துளிச் சத்தமில்லாமல்.