செல்லியின் கையுறைகள்

காலையில் வேலவன் டீ போட்டான், குடித்தான், கையுறைகளைச் சார்ஜிலிருந்து எடுத்துத் துடைத்தான், மலையூர் துணை சுகாதார நிலையத்துக்கு நடந்தான். அங்கே நர்ஸாக இருந்த அவன் மனைவி செல்லி போன வருடம் இறந்துவிட்டாள். அவளுடைய கைப்பழக்கம் மட்டும் அந்த உறைகளில் இருந்தது. மாட்டிக்கொண்டால் போதும், அவளைப் போலவே பிரசவம் பார்க்கும். இப்போது மாட்டுகிறவள் அதே ஊரில் பிறந்து நர்ஸிங் படித்த குப்பாயி.

இன்று அவள் அண்ணிக்கே பிரசவ வலி. பாதியில் குப்பாயி வெளியே வந்து உறைகளை அவனிடம் நீட்டினாள்.

"ரிப்பேரா?"

"இல்ல மாமா. புள்ள கழுத்துல கொடி சுத்தியிருக்கு. அக்கா கை எங்க போகும்னு எனக்கு முன்னாடியே தெரியுது. இது இடைஞ்சல்."

வேலவன் உறைகளை வாங்கிக்கொண்டான். அவள் உள்ளங்கைகளைச் சூடுபறக்கத் தேய்த்தாள், சாதா ரப்பர் உறையை மாட்டினாள், உள்ளே போனாள். செல்லியும் அப்படித்தான் தேய்ப்பாள்.

குழந்தை வீறிட்டது.

"பொண்ணு மாமா! ஊரையே கூப்பிடுறா!"

வேலவன் உறைகளை மடித்துப் பைக்குள் வைத்தான். நெஞ்சு நிமிர்ந்தது. கடைக்குப் போனான். செல்லி கடைசியாகச் சொன்னது இதுதான்:

"உறை வேணாம்னு ஒருத்தி கழட்டுற அன்னைக்கு, ஊருக்கே மிட்டாய் குடுங்க."