ஆடாம எறங்கோணும்

“அப்பா, கையை எடுங்க. அது தானா எறங்கிக்கும்.”

மதுமதி சொல்லி வாய் மூடவில்லை. கம்ப்யூட்டர் திரையில் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வயக்காட்டில் போய்க் குத்தியது. இது மூன்றாவது தடவை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் நல்லூரில் அப்பா சாமியப்பனின் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி ஓடவில்லை. ஆபீஸ் அறையில் விமானம் ஓட்டும் விளையாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. மதுமதிக்கு ஜெர்மனியில் இரண்டு மாத டிசைன் பயிற்சி கிடைத்திருந்தது. ப்ளேனை நம்பிப் பெண்பிள்ளையை அனுப்புவதா என்று பெரியப்பா கிட்டுசாமி ஒற்றைக் காலில் நின்றார். இறங்கும்போது ஆட்டோபைலட்டே பத்திரமாக இறக்கிவிடும் என்று அவள் இந்த விளையாட்டைப் போட்டுக் காட்டினாள்.

“உங்கொப்பன் கையில ஆடாம எறங்கோணும். அப்புறம் அனுப்பலாம்” என்று ஒரு போடு போட்டார் பெரியப்பா.

விவரமான மனுஷன். தம்பியின் கை அவருக்குத் தெரியாதா? இருபத்தைந்து வருஷமாக, நிட்டிங் மிஷின் கொஞ்சம் அதிர்ந்தாலே சாமியப்பனின் கை போய் எதையாவது திருகிவிடும். விமானம் இம்மி ஆடினாலும் அதே கை ஜாய்ஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்தது. அப்புறம் ஆட்டோபைலட் என்ன செய்யும், பாவம்!

அண்ணன் பேச்சை அப்பா ஒரு நாளும் தட்டியதில்லை. வேண்டுமென்றே கவிழ்க்கிறாரோ என்றுகூட மதுமதிக்குத் தோன்றியது. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கிட்டுசாமி துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார்.

“இன்னொருக்கா பாத்தரலாங்ண்ணா” என்றார் சாமியப்பன்.

நாற்காலியை மேஜையோடு நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார். விமானம் இறங்க ஆரம்பித்தது. லேசாக ஆடியதும் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டிக்கோடு மல்லுக்கட்டினார். மதுமதி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

திறந்தபோது விமானம் ஓடுபாதையில் சமர்த்தாக நின்றிருந்தது.

கிட்டுசாமி திரையையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். சொன்ன சொல் மாறாதவர். “செரி, போய்ட்டு வா கண்ணு. அங்க குளுருமாம், சொட்டர் எடுத்துக்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மதுமதிக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இத்தனை பெரிய ப்ளேனைப் பிடித்து இறக்குவது லேசான வேலையா என்று பெருமை அடித்தார்.

சிரித்துக்கொண்டே ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி வைக்க மேஜைக்கு அடியில் குனிந்தாள். கம்ப்யூட்டரில் சொருகியிருக்க வேண்டிய அதன் ஒயர் முனை, அப்பாவின் கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இருந்தது.